இடைநில்லா மாத்திரை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று டெப்போவில் எல்லாருக்கும் தெரியும். அது என் குணம் இல்லை, என் வேலை. பதினோரு வருடமாகப் பேருந்தில் கண்டக்டராக இருப்பவள் பொறுமைசாலியாக இருந்தால், பயணிகள் அவளையும் படிக்கட்டோடு சேர்த்து மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் டிரைவர் எனக்கு வைத்த பெயர் ‘விசில்’. என் கழுத்தில் தொங்குவதைச் சொல்கிறாரா, என் குரலைச் சொல்கிறாரா என்று கேட்டால் சிரிப்பாரே தவிர பதில் சொல்ல மாட்டார்.

அந்த டிரைவர் என் அக்காவின் கணவர். எங்கள் வழித்தடம் ரயில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை. இருபத்திரண்டு ஸ்டாப், ஒரு மணி பத்து நிமிடம். நான் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவார், இரண்டு கொடுத்தால் எடுப்பார். வீட்டில் அக்கா பத்து முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிற மனிதர், வண்டியில் என் அரை விசிலுக்குக் கட்டுப்படுவார். அக்காவுக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

அத்தானுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. எங்கள் பாஷையில் அதை ‘டைம் பிடிக்கிறது’ என்போம். நெரிசலில் பத்து நிமிடம் போய்விட்டால் மற்ற டிரைவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். அத்தான் கூட்ட மாட்டார். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “விசிலு, அடுத்த ஸ்டாப்ல இறங்க ஆள் இருக்கா?” என்று கேட்பார். இறங்கவும் ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை என்றால் வண்டி அந்த ஸ்டாப்பில் நிற்காது. அப்படி நாலைந்து ஸ்டாப் கிடைத்துவிட்டால், கடைசியில் போய்ச் சேரும்போது கடிகாரமும் நாங்களும் ஒன்றாக இருப்போம்.

போன வருடம் அவர் வயிறு கெட்டது. முதலில் சாப்பாட்டைக் குறை சொன்னோம், பிறகு தண்ணீரைக் குறை சொன்னோம். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெட்ரோல் பங்க் பக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தால் அவர் முகம் மலரும், பச்சை விழுந்தால் வாடும். எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு நாள் பதினாலாவது ஸ்டாப்பில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், வண்டி நிறைய ஆட்களை அப்படியே விட்டுவிட்டு எதிரில் இருந்த நூலகத்துக்குள் ஓடினார். திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பணி நேரத்தில் டிரைவர் புத்தகம் படிக்கப் போகிறார் என்று ஒருவர் டெப்போவுக்குப் புகார் எழுதினார்.

அன்று சாயங்காலம்தான் அக்காவிடம் ரத்தம் போவதைச் சொன்னார். சொல்லும்போதும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

குடல் டாக்டர் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். சின்ன உருவம், பெரிய குரல். நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார். பெருங்குடலின் உள்பக்கம் புண். இது தொற்றுநோய் இல்லை, யாரும் எதையும் தப்பாகச் சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. உடம்பே தன் குடலோடு சண்டைக்கு நிற்கிறது, அவ்வளவுதான். அக்காவையும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே பேசினார்.

“இந்தப் பெரிய மாத்திரை ரொம்ப நாளைக்கு. இந்தச் சின்னது ஸ்டீராய்டு. இது சண்டையை அடக்குறதுக்கு மட்டும். காலையில சாப்பிட்ட உடனே எட்டும் ஒரே தடவையில. ஒரு வாரம் எட்டு, அடுத்த வாரம் ஏழு, அப்படியே வாரத்துக்கு ஒண்ணு குறைச்சுட்டே வரணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா திடீர்னு ஸ்டாப் பண்ணக்கூடாது. பத்தலைன்னு நீங்களா ஏத்தவும் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்தா எனக்கு போன் பண்ணுங்க. வலி மாத்திரை எதையும் கேக்காம வாங்கிப் போடாதீங்க.”

ஒரு நீல அட்டையும் கொடுத்தார். அத்தான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்றும், டாக்டரின் போன் எண்ணும் அதில் எழுதியிருந்தது. “பல் புடுங்கப் போனாக்கூட முதல்ல இதைக் காட்டுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். டாக்டர் எழுதிய தாள் கோப்புக்குள் போய்விட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், எங்கள் வழித்தடப் பலகை மாதிரியே மேலிருந்து கீழாகக் கோடு போட்டு எட்டு வட்டம் வரைந்தேன். எட்டு மாத்திரை ஸ்டாப், ஏழு மாத்திரை ஸ்டாப் என்று வரிசையாக எழுதி, அடியில் ‘டெர்மினஸ், அனைவரும் இறங்கவும்’ என்று முடித்தேன். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு வாரம். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

முதல் வாரமே ரத்தம் நின்றது. இரண்டாவது வாரம் ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிப்பறை என்பது இரண்டாகக் குறைந்தது. கூடவே பசி வந்தது பாருங்கள், அது பசி இல்லை, படையெடுப்பு. ஒரு பாக்கெட் ரொட்டியை நின்றபடியே முடிப்பார். ஆறு முட்டை வேகவைத்தால் அக்காவுக்கு ஒன்று மிஞ்சும். விடிவதற்கு முன்பே தூக்கம் கலைந்து, சமையலறை அலமாரியில் டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்குவார். கோபமே வராத மனிதர் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண்ணிடம் சண்டை போட்டார். கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமானது. “மாத்திரை குறையக் குறைய எல்லாம் பழையபடி ஆயிடும்” என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாங்கள் கவலைப்படவில்லை. நான்தான், “அத்தான், கண்ணாடியில உங்க முகம் முழுசாத் தெரியணும்னா இனி ரெண்டு கண்ணாடி மாட்டணும்” என்று வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தேன். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் அந்த மூன்று வாரம் அவ்வளவு நன்றாக இருந்தது.

வண்டியில்தான் என் பாடு திண்டாட்டம். அத்தான் லீவில் இருந்ததால் அவருக்குப் பதிலாக வந்த டிரைவருக்கு நான் வைத்த பெயர் ‘குலுக்கல்’. பிரேக் போட்டால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்கு வந்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எனக்கு அத்தான் வேண்டும். அதை ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் டெப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ஒண்ணாம் தேதி புது டியூட்டி லிஸ்ட் போடறோம். உங்க அத்தான் அதுக்குள்ள ஃபிட் சர்டிஃபிகேட்டோட வந்தா அந்த ரூட் அவருக்கு. இல்லன்னா குலுக்கல்… அதாவது இப்ப ஓட்டறவரையே நிரந்தரமாப் போட்டுடுவேன். உங்க அத்தானுக்கு விசாரணை கவுண்டர்ல இடம் தரேன்.” நான் வைத்த பெயர் மேனேஜர் வரை போயிருந்தது.

சாயங்காலமே போய்ச் சொன்னேன். அத்தான் ஃபிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் தேதிக்கு டெர்மினஸ் வராது. அன்றைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்கும்.

“கவுண்டர்ல உக்காந்து நாலு மணி வண்டி எப்ப வரும்னு கேக்கறவனுக்கு நாலு மணிக்கு வரும்னு சொல்லணுமா?” என்றார். பிறகு எழுந்து அலமாரி டப்பாக்களை அடுக்கப் போனார். சரி, மனதைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஒன்பது நாள் எனக்கு இரட்டைப் பணி, அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. போனில் கேட்டால், “அத்தானுக்கு லேசாச் சளி” என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் சோபாவில் சுருண்டு படுத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் ரொட்டி தொடாமல் கிடந்தது. “என்ன அத்தான், ரொட்டி பாக்கெட்டுக்கே அழுகை வந்துடுச்சாமே, உங்களைக் காணோம்னு” என்றேன். பதிலுக்குக் கிண்டல் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எழுந்து உட்காரப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்தாராம்.

“அத்தான், இப்ப எந்த ஸ்டாப்ல இருக்கீங்க?”

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

“சொல்லுங்க. நாலு மாத்திரையா, அஞ்சா?”

“டெர்மினஸ் வந்தாச்சு” என்றார் மெதுவாக.

நாலாவது வாரம் அஞ்சுக்குப் போக வேண்டியவர், அஞ்சையும் நாலையும் விட்டுவிட்டு நேராக மூன்றுக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு மாத்திரை. மறுநாள் ஒன்றும் இல்லை. அக்கா காலையில் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறவள் இல்லை. ஏழு மணிக்கே அவள் வேலை பார்க்கும் மழலையர் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். யாருக்கும் தெரியாமல் மனிதர் டைம் பிடித்திருக்கிறார்.

“நடுவுல இருக்கற ஸ்டாப்ல எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, விசிலு. ஏற ஆள் இல்ல, இறங்க ஆள் இல்ல. அதான் நிக்காம வந்துட்டேன்.”

“டாக்டர் என்ன சொன்னாங்க? ஸ்டாப் பண்ணாதீங்கன்னு சொன்னாங்களா இல்லையா?”

“நான் எங்க ஸ்டாப் பண்ணேன்? ஸ்டாப்பே பண்ணாமத்தானே வந்தேன்!”

அந்த நிலைமையிலும் இந்தப் பேச்சு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நீல அட்டையில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். டாக்டர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. “உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டு வாங்க. வாசல்லயே அந்த அட்டையைக் காட்டுங்க” என்றார்.

காட்டினோம். அட்டையைப் பார்த்ததும் யாரும் எங்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் தரைக்குப் போயிருந்தது. ஊசி போட்டு, கையில் சலைன் ஏற்றினார்கள். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தத் தாள் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதை எழுதியவள் நான்தானே.

மறுநாள் காலையில் அவர் முகத்தில் களை வந்திருந்தது. இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டாக்டர் வந்து கட்டிலின் கால்பக்கம் நின்றார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் நானே சொன்னேன். வட்டம் போட்டது, ஸ்டாப் என்று எழுதியது, டைம் பிடிக்கிற கதை, எல்லாம்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க” என்றார் டாக்டர். பாராட்டு மாதிரி இல்லை. அத்தான் பக்கம் திரும்பினார். “நீங்க மாத்திரையில சாப்பிடற சரக்கை உங்க உடம்பும் தினமும் தானாவே கொஞ்சம் செஞ்சுக்கும். வெளியில இருந்து தாராளமா வந்துட்டே இருந்தா, நமக்கெதுக்கு வேலைன்னு அது படுத்துடும். திடீர்னு வெளிய வர்றது நின்னா, அதால அவ்வளவு சீக்கிரம் எழுந்திரிக்க முடியாது. அதை எழுப்பறதுக்குத்தான் வாரம் ஒண்ணு, வாரம் ஒண்ணுன்னு குறைக்கறது. ஸ்டாப்ல ஆள் இல்லைன்னு நினைச்சீங்களே, ஒவ்வொரு ஸ்டாப்லயும் உங்க உடம்புதான் பெட்டியோட நின்னுட்டு இருந்துச்சு. ஏத்தாம வந்துட்டீங்க.”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டாப்பில் நின்ற ஆளை ஏற்றாமல் வந்தார் என்று இவ்வளவு வருடத்தில் அவர் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

“எதுக்கு இவ்வளவு அவசரம்?”

ஒன்றாம் தேதியைச் சொன்னார். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவனுக்கு யார் ஃபிட் சர்டிஃபிகேட் தருவார்கள் என்றார்.

“யார் சொன்னது தரமாட்டாங்கன்னு?”

யாரும் சொல்லவில்லை. அவராக நினைத்துக்கொண்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நோய் அடங்கியிருக்கணும். தலைசுத்தல் இருக்கக்கூடாது. நல்லாத் தூங்கணும். சர்க்கரை, பிரஷர், கண் பார்வை எல்லாம் சரியா இருக்கணும். இதெல்லாம் இருந்தா மாத்திரை ஓடிட்டு இருக்கும்போதே நான் எழுதித் தருவேன். ஒழுங்கா வந்திருந்தா ஒருவேளை இந்த ஒண்ணாம் தேதிக்கே தந்திருப்பேன். இப்ப முடியாது. மறுபடி நாலுல இருந்து ஆரம்பிச்சு, இன்னும் மெதுவாக் குறைக்கணும். ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்.”

அத்தான் முகம் விழுந்துவிட்டது. டைம் பிடிக்கப் போய் ஒரு மாதத்தைத் தொலைத்திருந்தார்.

“நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்” என்றேன் நான். எனக்கு அதற்கெல்லாம் வாய் உண்டு.

“வேணாம்” என்றார். “நீ பேசினா எனக்கு விசாரணை கவுண்டரும் போயிடும்.”

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் அவரே டெப்போவுக்கு வந்தார். நான் கூட நின்றேன், வாயைத் திறக்கமாட்டேன் என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அந்த வட்ட முகத்தைப் பார்த்ததும் மேனேஜர், “என்ன இது, லீவுல நல்லா ஒரு சுத்துப் பெருத்துட்டீங்களே! வயித்து வலிக்காரர் மாதிரியா இருக்கீங்க?” என்றார். விடுப்புக் கடிதத்தில் அத்தான் எழுதியிருந்தது வெறும் வயிற்று வலி.

அவர் காதுவரை சிவந்துபோனார். வழக்கம்போல் சுவரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மேனேஜரை நேராகப் பார்த்தார்.

“வயித்து வலி இல்ல சார். பெருங்குடல்ல புண்ணு. மலத்துல ரத்தமாப் போச்சு, ஒரு நாளைக்குப் பத்து தடவை. அன்னைக்கு லைப்ரரிக்கு ஓடினது அதுக்குத்தான். இந்த மூஞ்சி மாத்திரையால வந்தது. அதையும் அவசரப்பட்டு நானா நிறுத்தி ஆஸ்பத்திரியில படுத்துட்டு வரேன். தப்பு என்னோடது.” நீல அட்டையையும் டாக்டரின் கடிதத்தையும் மேசையில் வைத்தார். ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்றும், திரும்பி வந்த பிறகும் வழியில் ஒரு கழிப்பறை வசதி வேண்டும் என்றும் டாக்டர் எழுதியிருந்தார்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “ஒரு மாசம் தரலாம். ஆனா ஒருத்தருக்காக டைம் டேபிளை மாத்தச் சொல்றீங்களே” என்றார்.

“மாத்த முடியலன்னா ஊரைச் சுத்தி வர்ற சின்ன ரூட்டைக் குடுங்க சார். அரை மணிக்கு ஒரு தடவை டெப்போவுக்கு வந்துடும். எனக்கு வண்டி ஓட்டணும், அவ்வளவுதான்.”

அவர் தன் ரூட்டை இப்படி மேசையில் கழற்றி வைப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியம் வாய்க்குத்தானே, கண்ணுக்கு இல்லையே. மேனேஜர் என்னைப் பார்த்தார், கால அட்டவணையைப் பார்த்தார், பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். “விளையாட்டு அரங்கம் ஸ்டாப்ல அஞ்சு நிமிஷம் போடறேன். அங்க வெளிக் கழிப்பறை இருக்கு, காவலாளிகிட்டச் சொல்லித் திறந்து வைக்கச் சொல்றேன். ஒரு மாசம் கழிச்சு சர்டிஃபிகேட்டோட வாங்க.”

அந்த ஒரு மாதமும் அத்தான் ஒரு ஸ்டாப்பையும் விடவில்லை. என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, டாக்டர் கையெழுத்தில் இருந்த தாளையே ஃபிரிட்ஜில் ஒட்டினோம். தினமும் சாப்பிட்ட பிறகு அன்றைய தேதியில் அவரே கோடு போட்டார். நடுவில் ஒரு நாள் காய்ச்சல் வந்தபோது, அக்கா சொல்வதற்கு முன்பே டாக்டருக்கு போன் செய்தார். தினம் இரண்டு மாத்திரையில் இருந்தபோது கண், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை முடித்து ஒரு வருடம் ஆகும்வரை நீல அட்டை பையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அவர் திரும்பி வந்த முதல் நாள் வண்டி நிறைய ஆட்கள். அவர் பிரேக் போட்டபோது ஒரு பயணியும் அசையவில்லை. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. விளையாட்டு அரங்கம் வந்தது. ஒரு விசில் கொடுத்தேன். அத்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், எழுந்தார், பயணிகள் பக்கம் திரும்பி நின்றார்.

“எனக்குக் குடல்ல ஒரு நோய் இருக்குங்க. இனிமே இங்க அஞ்சு நிமிஷம் வண்டி நிக்கும். நான் டாய்லெட் போயிட்டு வந்துடறேன்.”

அவர் இறங்கி நிதானமாக நடந்து போனார், ஓடவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் கிழித்துவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். மூன்றாவது சீட்டில் இருந்த நிறைமாதக் கர்ப்பிணி, “அப்பாடா” என்று எழுந்தாள். அவள் பின்னால் ஒரு பெரியவர். அப்புறம் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், கைக்குழந்தைக்காரி, டை கட்டிய ஆபீஸ்காரர். பாதி வண்டி இறங்கியது.

அத்தான் திரும்பி வந்து அவர் சீட்டில் உட்கார்ந்து, கீழே நின்ற வரிசையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். பதினோரு வருடமாக வேலை நேரத்தில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் கிளம்பும்போது ஒரு டம்ளர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர். இரண்டு தடவை சிறுநீரில் தொற்று வந்து படுத்தபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்காவிடம் பூசி மெழுகினேன். இத்தனை வாய் இருந்தும் ஒரு தடவைகூட யாரிடமும் ஐந்து நிமிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

“அத்தான், இதைப் பாத்துக்குங்க” என்று டிக்கெட் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, இறங்கிப்போய் அந்த வரிசையில் நின்றேன்.